வளர்பிறை எங்களுக்கு

அனுலா இன்று பின்னேரம் வருகிறாள். வரட்டுமா என்று போன கிழமை போனில் கேட்டாள். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "வெசாக் அண்டைக்கு வீட்டிலதான் இருப்பன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்து ஊர்ச் சனத்தை அதட்டிய வாய்க்கு அன்றைக்கு வேறொன்றும் வரவில்லை. கேற்றைத் திறந்து அவளை உள்ளே கூப்பிடுவதா, வெளியிலேயே நிற்க வைத்துக் கதைத்து அனுப்பிவிடுவதா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே பாற்சோறு கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது.

அவள் யாரென்று சொல்வதானால் நிலாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் என்னைக் கிறுக்கி என்பார்கள். நான் சின்னவளாக இருந்தபோது இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அரசாங்கம் அதை எடுத்துவிட்டுப் போயாவை வைத்தது. முழுநிலாவுக்கு ஒரு லீவு. அது தேய்ந்து அரைநிலாவாகும் நாளுக்கு ஒன்று. அமாவாசைக்கு ஒன்று. பிறகு வளர்ந்து அரைநிலாவாகும் நாளுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் அரைநாள் வேலை. நிலா என்ன கந்தோர் மணிக்கூட்டைப் பார்த்தா நடக்கிறது? சில கிழமை ஏழு நாளில் முடியும், சில கிழமை எட்டு நாள் இழுக்கும். இன்றைக்குச் செவ்வாயா புதனா என்று கேட்டால் பள்ளிக்கூட ரீச்சரே முழிப்பார். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஞாயிறுகளில் விடியப்புறமே கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, வேலைக்கு ஓடினார்கள். எங்கள் தெருவில் அப்பம் சுட்டு விற்ற லீசா நோனா வானத்தைப் பார்த்துத்தான் மாக் கரைப்பாள். "அரசாங்கத்துக்கு மேல ஒருத்தன் இருக்கிறான், அவன் பேசாமத் தேய்ஞ்சுகொண்டு போறான்" என்று சிரிப்பாள்.

எனக்கு அந்தக் காலம்தான் பொற்காலம். ஏனென்றால் நிலா வளர்ந்தால் அப்பா வருவார்.

அப்பாவின் பெயர் ஆரியபால. கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். மருதானையில் ஓர் அறையில் தங்கியிருந்தார். அம்மாவும் நானும் இங்கே அம்பலாங்கொடையில், ஸ்டேசனுக்குப் பின்னால் இருந்த இந்த வீட்டில். மாதத்தில் நாலு போயா வந்தாலும் அப்பா இரண்டுக்குத்தான் வருவார். போயாவில் கடை பூட்டியிருக்கும்போது யாராவது காவலுக்குப் படுக்க வேண்டுமாம். அதற்கு அவரும் இன்னொரு விற்பனையாளரும் முறை போட்டுக்கொண்டார்களாம். வளர்பிறை அரைநிலாவும் முழுநிலாவும் எங்களுக்கு. தேய்பிறை அரைநிலாவும் அமாவாசையும் கடைக்கு. அம்மா இதைக் கேள்வி கேட்காமல் நம்பினாள். அப்பா அவ்வளவு ஒழுங்கு. ஒரு முறைகூடத் தவறியதில்லை.

ஆகவே நிலாவைப் பற்றி எனக்கு ஒரு முடிவு இருந்தது. அப்பா வருகிறார் என்று தெரிந்துதான் அது வளர்கிறது. அப்பா போய்விட்டார் என்றுதான் தேய்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது சில காலைகளில் பாதி நிலா வெளிறிப்போய் வானத்தில் நிற்கும். அதை நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். அது எங்களுடைய நிலா இல்லை.

வளர்பிறைப் போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் நான் ஸ்டேசனுக்கு ஓடுவேன். கையில் எங்கள் முற்றத்து எலுமிச்சை மரத்துத் தேசிக்காய் ஒன்று இருக்கும். ரயில் புகை அப்பாவுக்கு ஒத்துவராது. இறங்கினதும் தேசிக்காயை நகத்தால் கீறி மணந்து பார்த்தால்தான் அவருக்கு முகம் வெளிக்கும். பிறகுதான் என்னைத் தூக்குவார்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் ஒரு நாள் ரயில் பிந்திவிட்டது. வெயில் கடல் பக்கமிருந்து சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மேலே வானத்தில், பட்டப்பகலில், பாதி நிலா. எனக்குப் பொழுது போகவில்லை. தேசிக்காயை எறிந்து பிடித்து விளையாடினேன். ஒருதரம் அதைப் பிடித்த கையை அப்படியே நிலாவுக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன்.

இரண்டும் ஒன்றுதான்.

தேசிக்காயில் வெயில் பட்ட பக்கம் பளிச்சென்று இருந்தது, மற்றப் பக்கம் இருட்டு. நிலாவிலும் அதே பக்கம் பளிச்சென்று, அதே பக்கம் ஒன்றுமில்லை. தேசிக்காயை நீட்டியபடியே மெதுவாகத் திரும்பினேன். வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் காய் முழுக்க வெளிச்சம். அது பௌர்ணமி. வெயில் பக்கம் திரும்பினால் எனக்குத் தெரிகிற பக்கம் முழுக்க இருட்டு. அது அமாவாசை. இன்னும் திரும்பினால் மறுபடி பாதி, ஆனால் மற்றப் பக்கத்துப் பாதி. ஸ்டேசன் மேடையில் பைத்தியம் மாதிரிச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஸ்டேசன் மாஸ்டர் சன்னலால் எட்டிப் பார்த்து, "ஆரியபாலட மகளுக்குத் தலை சுத்துது போல" என்றார்.

அப்பா இறங்கியதும் தேசிக்காயைக் கொடுக்காமல் அதை வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார்.

"அப்ப நிலா தேயிறதே இல்லையா மகள்?"

"இல்லை அப்பா. அது எண்டைக்கும் பந்துதான். எந்த நாளும் அரைவாசிக்கு வெளிச்சம், அரைவாசிக்கு இருட்டு. நாங்க பாக்கிற பக்கம்தான் மாறுது."

"இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

"ஒருத்தருமில்லை. தேசிக்காய்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தேசிக்காயை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தார். மணக்கவுமில்லை, கீறவுமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நீ கெட்டிக்காரியடி" என்றார். அன்றைக்கு வீடு வரும்வரை வேறு கதை இல்லை. என் கெட்டித்தனத்தில் மனுசன் வாயடைத்துப் போய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. அது அவருக்கு வேறெங்கோ சுட்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

முழுநிலாப் போயாக்களைச் சொல்லாமல் விட முடியாது. விடிய எழும்பிக் குளித்து, மூன்று பேரும் வெள்ளை உடுத்துப் பன்சலைக்கு, புத்தர் கோயிலுக்கு, போவோம். அப்பாவின் வெள்ளைச் சாரத்தில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அம்மாவுக்கு நீலம் அளவாகப் போடத் தெரியாது. வைகாசி முழுநிலாவான வெசாக் என்றால் அப்பா மூங்கில் பிளந்து கூடு கட்டுவார். அதற்குக் கடதாசி ஒட்டுவது என் வேலை. பசைக்குக் காய்ச்சிய மாவில் பாதியை நான் தின்றுவிடுவேன். இருட்டினதும் கூட்டுக்குள் விளக்கை வைத்து, முற்றத்து மரத்தில் ஏற்றிவிட்டு மூன்று பேரும் நின்று பார்ப்போம். அந்தப் பசை ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. எத்தனை தின்றேன் இந்த எழுபது வயதுக்குள், அந்த ருசி வேறெதிலும் இல்லை.

பிறகு ஒரு நாள் ரேடியோவில் சொன்னார்கள், இனி மறுபடி சனி ஞாயிறுதான் லீவு என்று. ஊரே சந்தோசப்பட்டது. போயாவில் முழுநிலா மட்டும் லீவு நாளாக மிஞ்சியது. அப்பாதான் அடுத்த முறை வந்தபோது முகம் கறுத்திருந்தார்.

"என்ன, லீவு கூடத்தானே கிடைக்கப்போகுது?" என்றாள் அம்மா.

"ஞாயிறு எல்லாம் ஒரே மாதிரி யசவதி. எது ஆர்ர முறை எண்டு வானத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது" என்றார்.

கடைக்காவலைத்தான் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். புது ஒழுங்கு இப்படி வந்தது. ஒரு ஞாயிறு எங்களுக்கு, அடுத்த ஞாயிறு கடைக்கு. முழுநிலா மட்டும் எப்போதும் போல எங்களுக்கு. இரண்டு மூன்று மாதம் ஒருவாறு ஓடியது. அதற்குப் பிறகு முழுநிலா ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்தது. எங்களுடைய முறை இல்லாத ஞாயிறு. ஆனால் எங்களுடைய முழுநிலா. அப்பா சனிக்கிழமை பின்னேரம் வழக்கம்போல வந்து இறங்கினார்.

ஞாயிறு மத்தியானம். பன்சலைக்குப் போய் வந்து, வெள்ளை உடுப்போடேயே அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். கேற்றடியில் யாரோ கூப்பிட்டார்கள். நான்தான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மலைநாட்டுக்காரர் போலத் தோளில் துண்டு போட்ட ஓர் ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னை விடக் கொஞ்சம் சின்னதாக ஒரு பிள்ளை. நல்ல சட்டை, ஆனால் பயணத்தில் கசங்கியிருந்தது.

"ஆரியபால மாத்தயா இங்கயா இருக்கிறார்?" என்றார் அந்த ஆள். "நாங்க கேகாலையில இருந்து வாறம். வீட்டுக்கு வரேல்லை எண்டு என்ர தங்கச்சி பயந்துபோய் இருக்கிறா. கடைக் காவல்காரன்தான் இந்த அட்ரசைத் தந்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு எங்களைத் தாண்டி உள்ளே பார்த்து, "அப்பச்சி" என்றது. மலைநாட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உள்ளே அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லாக இருந்திருக்கும். அந்த ஆளுக்குக் கதிரை போட்டாள். பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

"உங்கட பேர் என்ன மகள்?"

"அனுலா."

"எத்தினை வயசு?"

வயதைச் சொன்னது. எனக்கு ஒரு வயது இளையவள். அம்மா பாற்சோற்றில் பெரிய துண்டை வெட்டி, கட்டைச் சம்பலோடு அவளுக்கு வைத்தாள். அந்த ஆளுக்கும் வைத்தாள். அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை வாசலில் நின்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"கையைக் கழுவுங்க. உங்கட பிள்ளை கூட்டிக்கொண்டு போக வந்திருக்குது."

"யசவதி, நான் சொல்லுறதை..."

"ஒண்டும் சொல்ல வேணாம். இனி இந்தக் கேற் உங்களுக்குத் திறக்காது."

அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"வளர்பிறைக்கு வருவீங்கதானே அப்பா?"

அவர் என் தலையில் கையை வைத்தார். அவ்வளவுதான். கேற்றைத் தாண்டிப் போகும்போது அந்த அனுலா திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அப்பாவை எடுத்துக்கொண்டு போகிற திமிர் என்று நான் நினைத்தேன். வயிறெரிந்து அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு தரம் அப்பா வந்து கேற்றடியில் நின்றாராம். அம்மா திறக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், லீசா நோனா சொல்லித்தான் தெரியும். வளர்பிறை அரைநிலா வந்தால் தேசிக்காயோடு ஸ்டேசனுக்குப் போய் நிற்பதை நான் விடவில்லை. ரயில் வரும், ஆட்கள் இறங்குவார்கள், நான் திரும்பி வருவேன். பெரிய பிள்ளையானதும் அம்மா போக விடவில்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவர் கேகாலையில் செத்துப் போன செய்தி வந்தது. அம்மா அன்றைக்கு வெள்ளைச் சேலை உடுத்தாள். எங்கும் போகவில்லை. சேலையை மாற்றவும் இல்லை. அம்மா போயும் இப்போது பத்து வருடமாகிறது. கட்டினவரும் போய்விட்டார், மகன் மெல்பனில். நான் தனி.

இதுதான் அனுலா. சின்ன வயதிலேயே என்னிடமிருந்து அப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனவள். கேற்றைத் திற என்றால் கை எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஆறு மணியளவில் வந்தாள். ஓட்டோவை அனுப்பிவிட்டு, வெள்ளைச் சேலையில், கையில் ஒன்றுமில்லாமல் நின்றாள். தலை என்னைவிடக் கூட நரைத்திருந்தது. மூக்கு அப்பாவுடைய மூக்கு. நான் கொழுக்கியில் கையை வைத்தபடி உள்ளேயே நின்றேன்.

"உள்ள கூப்பிடாட்டியும் பரவாயில்லை அக்கா" என்றாள். "ஒண்டு மட்டும் கேட்டிட்டுப் போறன். அந்தத் தேசிக்காய்ப் பிள்ளை நீங்கதானே?"

"என்ன தேசிக்காய்?"

"அப்பச்சி எங்களிட்ட வாறது தேய்பிறைக்கும் அமாவாசைக்கும்தான். விடியக்காலையில என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் சட்டைப் பையில இருந்து ஒரு காஞ்ச தேசிக்காயை எடுத்து, மேல நிண்ட பாதி நிலாவுக்குப் பக்கத்தில பிடிச்சுக் காட்டினார். நிலா தேயிறதே இல்லை மகள், நாங்க பாக்கிற பக்கம்தான் மாறுது எண்டார். ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டன். உன்னைவிட ஒரு வயசு மூத்த ஒரு கெட்டிக்காரி எண்டார். பேர் சொல்லேல்லை."

கேற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா அண்டைக்கு அப்பச்சியைத் தேடி வெளிக்கிட்டபோது நானும் வருவன் எண்டு அழுது பிடிச்சன். அப்பச்சியைக் காணேல்லை எண்டு அழுறன் எண்டு எல்லாரும் நினைச்சினம். எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்க வேணும். அப்பச்சி அவளோடதான் இருப்பார் எண்டு எனக்குத் தெரியும்."

"அதுதான் என்னையே பாத்துக்கொண்டு நிண்டியா?"

"ஓம்."

"நான் திமிர் எண்டு நினைச்சன்."

"நினைச்சிருப்பீங்க" என்றாள். சிரித்தாள். அப்பா சிரிக்கிற மாதிரியே, உதடு திறக்காமல்.

எனக்குக் கோபம் போகவில்லை. அது அவ்வளவு லேசில் போகிற சாதிக் கோபமா? "கடைசியில அவர் உங்களுக்குத்தானே மிஞ்சினார்" என்றேன். "ஞாயிறு, போயா, வெசாக் எல்லாம் உங்களுக்குத்தானே."

அனுலா தலையை ஆட்டினாள்.

"முழுநிலா இல்லை அக்கா. சாகும் மட்டும் ஒரு முழுநிலாவுக்கும் அப்பச்சி எங்களோட இருந்ததில்லை. விடிய எழும்பி வெள்ளை உடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போயிடுவார். கையில ஒரு தேசிக்காய். பின்னேரம் வரைக்கும் அங்க இருந்திட்டுத் திரும்பி வருவார். வெசாக்குக்குக்கூட. கூடு கட்டித் தாங்க எண்டு நான் கெஞ்சியிருக்கிறன். அது அவையின்ர நாள் மகள் எண்டுவார்."

"ரயில் ஏறியிருக்கலாமே" என்றேன். "பைத்தியக்கார மனுசன். ஏறி வந்திருக்கலாமே."

"கேற் திறக்காது எண்டுவார்."

நான் கொழுக்கியை எடுத்தேன். துருப்பிடித்தது, ஒரு கையால் வராது. இரண்டு கையாலும் இழுத்தேன். கேற் திறந்தும் அவள் அங்கேயே நின்றாள்.

முற்றத்து மரம் அம்மா காலத்து மரமில்லை, அதன் கன்று. எட்டி ஒரு காயைப் பறித்து அவள் கையில் வைத்தேன். தோளைப் பிடித்துக் கிழக்குப் பக்கம் திருப்பிவிட்டேன். பக்கத்து வளவின் தென்னைகளுக்கு நடுவே வெசாக் நிலா அப்போதுதான் எழும்பியிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் கடல் மேல் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பிடி" என்றேன். "நிலாவுக்குப் பக்கத்தில. தலைக்குக் கொஞ்சம் மேல, உன்ர நிழல் விழாமல்."

அவள் கையை நீட்டினாள். தேசிக்காய் முழுக்க வெளிச்சமாக இருந்தது, ஒரு ஓரத்தில்கூட இருட்டில்லை. அவள் வெகுநேரம் கையை இறக்கவில்லை. கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

"அப்பச்சி இதை எனக்குக் காட்டேல்லை" என்றாள்.

"காட்ட மாட்டார். இது எங்கட நாள்" என்றேன். "இனி உனக்கும்தான். கையைக் கீழ போடு, நோகும். உள்ள வா, பாற்சோறு இருக்குது. அடிப்பிடிச்சுத்தான் இருக்குது, வாயை மூடிக்கொண்டு சாப்பிடு."